சி.எஃப். பிள்ளைகளின் சளியில் வளரும் கிருமி: பெயர் ஒன்று, புரதங்கள் வேறு – அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

புதுச்சேரி, கடலூர், விழுப்புரம் பக்கம் சிஸ்டிக் ஃபைப்ரோசிஸ் (சுருக்கமாக சி.எஃப்.) உள்ள பிள்ளைகளை வளர்க்கும் பெற்றோர்களும், என்னிடம் நுண்ணுயிரியல் படிக்கும் மாணவர்களும் திரும்பத் திரும்பக் கேட்டவை இவை. கேட்டவர்கள் கேட்ட விதத்திலேயே கேள்விகளை விட்டிருக்கிறேன். நான் மருத்துவர் இல்லை, லேபில் பாக்டீரியாவோடு பழகியவள். அதனால் மருந்து, அளவு, நாள் கணக்கு எல்லாவற்றையும் உங்கள் டாக்டரிடமே முடிவு செய்துகொள்ளுங்கள்.

சி.எஃப்.னா ஆஸ்துமா மாதிரியா மேடம்? மொதல்ல எங்களுக்கு ஆஸ்துமான்னுதான் சொன்னாங்க.

இரண்டும் வேறு. ஆஸ்துமாவில் மூச்சுக்குழாய் வீங்கி இறுகுகிறது. சிஸ்டிக் ஃபைப்ரோசிஸில் சி.எஃப்.டி.ஆர். என்ற ஒரு புரதம் பிறவியிலேயே பழுதாகியிருக்கிறது. 1,480 அமினோ அமிலங்கள் கொண்ட பெரிய புரதம் அது. செல்லின் மேல்சவ்வில் இருந்துகொண்டு குளோரைடு அயனியைக் கடத்துவது அதன் முக்கிய வேலை. அந்த வேலை நின்றுபோனால் மூச்சுக்குழாயின் உள்பரப்பில் ஈரம் குறைகிறது, சளி பசைபோல் கெட்டியாகிறது, மேலே ஏறி வெளியேற முடியாமல் தங்கிவிடுகிறது. தங்கிய சளியில் பாக்டீரியா குடியேறுகிறது. கணையக் குழாயும் இதேபோல அடைபடுவதால்தான் பல பிள்ளைகளுக்கு எண்ணெய்ப்பசையோடு மலம் போகிறது, எடை ஏறுவதில்லை.

உறுதி செய்ய வியர்வைப் பரிசோதனை உண்டு. குளோரைடு லிட்டருக்கு 60 மில்லிமோல் அல்லது அதற்கு மேல் இருந்தால் சி.எஃப். என்று எடுத்துக்கொள்கிறார்கள். 30 முதல் 59 வரை வந்தால் மேற்கொண்டு மரபணுவைப் பார்க்க வேண்டும்.

எங்க ரெண்டு பேர் வீட்லயும் யாருக்கும் இல்லையே, புள்ளைக்கு மட்டும் எப்படி வந்துச்சு?

அந்த மரபணு 7ஆம் குரோமோசோமில் இருக்கிறது. ஒவ்வொருவருக்கும் இரண்டு பிரதிகள். ஒன்று பழுதானாலும் மற்றது வேலையைப் பார்த்துக்கொள்ளும், நோய் வெளியே தெரியாது. அப்பா, அம்மா இருவரிடமும் ஒவ்வொரு பழுதுப் பிரதி இருந்தால் ஒவ்வொரு கர்ப்பத்திலும் நான்கில் ஒரு பங்கு வாய்ப்பு. மாமன் மகள், அக்கா மகள் என்று சொந்தத்தில் கட்டும்போது இருவரிடமும் அதே பழுது இருக்கும் சாத்தியம் கூடுகிறது. சொந்தத்தில் கட்டாதவர்களின் பிள்ளைகளுக்கும் வந்திருக்கிறது. யாரையும் குற்றம் சொல்ல இதில் இடமே இல்லை.

இது வெள்ளைக்காரங்களுக்கு வர்ற நோய்னு ஒருத்தர் சொன்னார். நம்ம ஊர்ல நிஜமாவே இருக்கா?

இருக்கிறது. ரொம்ப காலம் யாரும் தேடிப் பார்க்கவில்லை, அவ்வளவுதான். காசநோய், ஆஸ்துமா, ஊட்டச்சத்துக் குறைவு என்ற பெயர்களுக்குள் மறைந்துபோன பிள்ளைகள் நிறைய இருந்திருப்பார்கள். மேல்நாடுகளில் எஃப்508டெல் என்ற ஒரு மரபணுப் பிழைதான் பெரும்பான்மை. 508ஆம் இடத்தில் இருக்கவேண்டிய ஃபினைல்அலனின் என்ற அமினோ அமிலம் அதில் விடுபட்டிருக்கும். நம்மிடம் அந்தப் பிழையின் பங்கு குறைவு, வேறு பிழைகள் அதிகம். ஆகவே அந்த ஒன்றை மட்டும் பார்த்துவிட்டு 'இல்லை' என்று வந்தால் அதோடு விட்டுவிடக் கூடாது.

நம் கடற்கரை ஊர்களுக்கென்று ஒன்று சொல்ல வேண்டும். இந்தப் பிள்ளைகளுக்கு வியர்வையோடு உப்பு அதிகமாகப் போகும். அக்னி நட்சத்திர வெயிலில் புதுச்சேரியிலோ கடலூரிலோ ஒரு கைக்குழந்தை திடீரென்று சோர்ந்து, வாந்தி எடுத்து, ரத்தத்தில் சோடியம், பொட்டாசியம், குளோரைடு எல்லாம் குறைந்து வந்தால் சி.எஃப். உண்டா என்று பார்க்க வேண்டும். நோய் உறுதியான பிள்ளைக்குக் கோடையில் எவ்வளவு உப்பு சேர்க்கலாம் என்று பங்குனி பிறக்கும் முன்பே டாக்டரிடம் கேட்டுவைத்துக்கொள்ளுங்கள்.

சளி கல்ச்சர்ல 'சூடோமோனாஸ் ஏருஜினோசா'ன்னு வந்திருக்கு. வீட்டைச் சுத்தமாத்தானே வச்சிருக்கோம்?

சூடோமோனாஸ் என்ற இந்தப் பாக்டீரியா ஈரம் இருக்கும் இடமெல்லாம் வாழும். சிங்க் குழாய், குளியலறை, மண், தேங்கிய தண்ணீர், ஈரம் காயாத நெபுலைசர் கிண்ணம் எதையும் அது விடாது. ஆரோக்கியமான நுரையீரல் அதை அன்றன்றே வெளியேற்றிவிடும். சி.எஃப். நுரையீரலால் முடிவதில்லை. சின்ன வயதில் ஸ்டஃபைலோகாக்கஸ் ஆரியஸ், ஹீமோஃபிலஸ் இன்ஃப்ளுயன்சே அதிகம் வரும். வயது ஏற ஏற சூடோமோனாஸ் முன்னுக்கு வரும்.

முதன்முறையாக வந்திருந்தால் அது நேரத்தோடு போட்டி. ஆரம்பத்திலேயே பிடித்தால் நெபுலைசர் வழியாக டோப்ராமைசின் போன்ற மருந்தை 28 நாள் கொடுத்துப் பலருக்கு முழுதாகத் துரத்த முடிகிறது. தங்கிப்போன பிறகு அது மிகக் கடினம். ஏன் கடினம் என்பதற்கான பதில்தான் இந்தப் பக்கத்தின் பாதி. நெபுலைசர் கிண்ணத்தை ஒவ்வொரு முறையும் சோப்புநீரில் கழுவி, தயாரிப்பாளர் அனுமதித்திருந்தால் தினம் ஒருமுறை கொதிநீரில் ஐந்து நிமிடம் போட்டு எடுத்து, நன்றாக உலரவிடுங்கள். கடைசியாகக் குழாய்த் தண்ணீரில் அலசினால் செய்தது வீண்.

ஸ்ட்ரெயின், ஸ்ட்ரெயின்னு சொல்றீங்க. சூடோமோனாஸ்னா ஒண்ணுதானே?

ரிப்போர்ட்டில் வருவது இனத்தின் பெயர். அதற்குள் எண்ணற்ற ஸ்ட்ரெயின்கள், அதாவது தனித்தனி வம்சங்கள். எல்லாவற்றிலும் பொதுவான மரபணுக்கள் உண்டு, ஒவ்வொன்றிலும் தனக்கென்று சில உண்டு. ஒரு பிள்ளையின் நுரையீரலில் இருப்பது ஊர்க் கிணற்றிலிருந்து வந்த வம்சமாக இருக்கலாம், இன்னொரு பிள்ளையிடம் இருப்பது மருத்துவமனையில் நோயாளியிலிருந்து நோயாளிக்குத் தாவிய வம்சமாக இருக்கலாம். இருவரின் ரிப்போர்ட்டிலும் பெயர் ஒன்றாகத்தான் அச்சாகும்.

இன்னும் ஒரு படி உண்டு. ஒரே வம்சம் ஒரே நுரையீரலில் வருடக்கணக்கில் இருந்தால் அதன் பிள்ளை, பேரப்பிள்ளைகள் மாறிக்கொண்டே போகும். ஒரே நாளில் எடுத்த ஒரே சளியில் பச்சையாக ஒரு காலனி (கண்ணுக்குத் தெரியும் பாக்டீரியாக் கூட்டம்), கொழகொழவென்று ஒன்று, குண்டூசி முனை அளவில் ஒன்று என்று மூன்று விதம் தட்டில் வளர்வதை மாணவர்கள் பார்த்திருப்பார்கள். மூன்றும் ஒரே வம்சமாக இருக்கலாம்.

டி.என்.ஏ. பார்த்தாலே எல்லாம் தெரிஞ்சிடுமே. புரதத்தை வேற ஏன் பார்க்கணும்?

கடலூர் துறைமுகத்தில் ஒரு மீனவர் வீட்டில் நண்டு வலை, இறால் வலை, மத்தி வலை எல்லாம் இருக்கும். இன்றைக்கு எந்த வலையைப் படகில் ஏற்றினார் என்று பார்த்தால்தான் எதற்குப் போகிறார் என்று தெரியும். டி.என்.ஏ. வீட்டில் உள்ள வலைகளின் பட்டியல், புரதம் படகில் ஏறியது.

பி.ஏ.ஓ.1 என்ற ஸ்ட்ரெயினின் மரபணுத் தொகுப்பை 2000இல் முழுதாகப் படித்தார்கள். சுமார் 63 லட்சம் டி.என்.ஏ. எழுத்துகள், 5,570 மரபணுக்கள். இவ்வளவும் ஒரே நேரத்தில் புரதமாவதில்லை. எது, எவ்வளவு என்பதைக் கட்டுப்படுத்தும் புரதங்கள் தனியாக இருக்கின்றன. அப்படி ஒரு கட்டுப்பாட்டுப் புரதத்தில் ஒரு எழுத்து பிசகினால் நூற்றுக்கணக்கான வேறு புரதங்களின் அளவு ஏறி இறங்கும். டி.என்.ஏ.வில் பார்த்தால் ஒரு எழுத்து வித்தியாசம்தான். புரதத்தில் பார்த்தால் வேறொரு கிருமி. போதாததற்கு, மரபணு பிசகாமலேயே சூழலைப் பொறுத்தும் புரதம் மாறும். அது டி.என்.ஏ.வில் தெரியவே தெரியாது.

ஆராய்ச்சியில எந்தெந்த ஸ்ட்ரெயினை ஒப்பிடுறாங்க?

பி.ஏ.ஓ.1 என்பது 1954இல் மெல்போர்னில் ஒருவரின் புண்ணிலிருந்து எடுத்தது. உலகம் முழுக்க லேப்களில் அதுதான் அளவுகோல். பி.ஏ.14 அதைவிட மூர்க்கமானது. எக்ஸோயூ என்ற நச்சுப் புரதம் அதனிடம் உண்டு, பி.ஏ.ஓ.1இடம் இல்லை. இந்த இரண்டோடு சி.எஃப். நோயாளிகளிடம் கிடைத்த ஸ்ட்ரெயின்களை வைத்துப் பார்ப்பது வழக்கம். அவற்றில் பெயர்பெற்றவை இங்கிலாந்தின் லிவர்பூல் தொற்று ஸ்ட்ரெயின், ஆஸ்திரேலியாவின் ஏ.இ.எஸ்.1, டென்மார்க்கின் டி.கே.2. மூன்றுமே நோயாளியிலிருந்து நோயாளிக்குப் பரவியவை. லிவர்பூலில் 1996இல் குழந்தைகள் சி.எஃப். கிளினிக் ஒன்றில் அது கண்டுபிடிக்கப்படும்வரை, அவரவர் கிருமி அவரவர் சுற்றுப்புறத்திலிருந்து வருகிறது என்றே பெரும்பாலோர் நம்பினார்கள்.

சரி, எந்தப் புரதம்தான் மாறுது? கொஞ்சம் விளக்கமாச் சொல்லுங்க.

இதை அவசரப்படாமல் சொல்கிறேன், மற்ற பதில்களெல்லாம் இதன்மேல்தான் நிற்கின்றன. முதலில் வால். நீந்த உதவும் கசையிழை ஃபிளஜெல்லின் என்ற புரதத்தால் ஆனது. நம் எதிர்ப்புச் சக்தி அந்தப் புரதத்தை உடனே அடையாளம் கண்டு தாக்கும். நாட்பட்ட தொற்றில் இருக்கும் பாக்டீரியா பல நேரம் வாலையே விட்டுவிடுகிறது. செல்லைக் குத்தி நச்சு செலுத்தும் மூன்றாம் வகைச் சுரப்பு அமைப்பையும் பெரும்பாலும் நிறுத்திவிடுகிறது. அடுத்தது லாஸ்ஆர். பாக்டீரியாக்கள் தங்களுக்குள் ரசாயனச் சைகை அனுப்பி எத்தனை பேர் கூடியிருக்கிறோம் என்று தெரிந்துகொள்கின்றன. அந்தச் சைகையைப் படிக்கும் புரதம்தான் லாஸ்ஆர். சி.எஃப். நுரையீரலில் இந்த மரபணு அடிக்கடி பழுதாகிறது. அப்போது எலாஸ்டேஸ் போல நம் திசுவை அரிக்கும் நொதிகள் குறைகின்றன. சளியில் அமினோ அமிலம் ஏராளம், அதைத் தின்று வளர்வதில் லாஸ்ஆர் இழந்தவைக்குச் சாதகமும் உண்டு.

மூன்றாவது இரும்பு. பாக்டீரியாவுக்கு இரும்பு இல்லாமல் பிழைப்பில்லை, நம் உடல் அதைப் பூட்டியே வைத்திருக்கும். ஆரம்பத்தில் பயோவெர்டின் என்ற பொருளை வெளியே விட்டு இரும்பைப் பிடித்து இழுத்துக்கொள்கிறது, பச்சையாக மினுங்குவது இதனால்தான். வருடங்கள் போகப் போகச் சில வம்சங்கள் பயோவெர்டினைக் கைவிட்டு, நம் ரத்தத்தின் ஹீமிலிருந்தே இரும்பை எடுக்கும் வாங்கிப் புரதங்களைக் கூட்டிக்கொள்கின்றன. டி.கே.2 வம்சத்தில் இதைத் தெளிவாகக் கண்டார்கள். எனக்கு இதுதான் எல்லாவற்றிலும் ஆச்சரியமான மாற்றம். மண்ணில் வாழ்ந்த ஒரு கிருமி ஒரு மனிதரின் நுரையீரலைத் தன் ஊராக ஏற்றுக்கொண்டதற்கு இதைவிட நேரான அத்தாட்சி இல்லை.

நான்காவது மருந்தோடு நேராகச் சம்பந்தப்பட்டது. மெக்ஸ்எக்ஸ்ஒய் என்ற பம்ப் உள்ளே வந்த டோப்ராமைசினை வெளியே தள்ளும். அதைக் கட்டுக்குள் வைத்திருக்கும் மெக்ஸ்இசட் பழுதானால் பம்ப் பெருகும். ஓப்ஆர்டி என்பது வெளிச்சவ்வில் உள்ள ஒரு வாசல். இமிபெனெம் அதன் வழியாக நுழைகிறது, அந்த வாசல் போய்விட்டால் மருந்துக்கு வழி இல்லை. ஆம்ப்சி என்ற நொதி கூடினால் செஃப்டாசிடிம் வகை மருந்துகளை உடைத்துப்போடும்.

அப்படின்னா நச்சு குறைஞ்சு போச்சுல்ல? பழைய கிருமி சாதுவாயிடுச்சுன்னு எடுத்துக்கலாமா?

எடுத்துக்கொள்ளக் கூடாது. தாக்கும் புரதங்களைக் குறைத்து, தங்கும் புரதங்களைக் கூட்டியிருக்கிறது. எதிர்ப்புச் சக்தியின் கண்ணில் படாமல் இருக்கிறது, மருந்துக்கும் மசிவதில்லை. வெள்ளையணுக்கள் விடாமல் வந்து குவிந்து, கிருமியை முடிக்க முடியாமல் தங்கள் நொதிகளைக் கொட்டி நுரையீரலையே அரிக்கின்றன. காய்ச்சல் இல்லாமலேயே நுரையீரல் திறன் குறைந்துகொண்டு வருவது இப்படித்தான்.

எல்லா ஸ்ட்ரெயினும் இந்தப் பாதையில் போவதும் இல்லை. லிவர்பூல் ஸ்ட்ரெயினில் பலவும் பயோசயனின் என்ற நச்சு நிறமியை அதிகமாகவே சுரக்கின்றன. பொது விதி உண்டு, விதிக்கு அடங்காத வம்சங்களும் உண்டு. புரதத்தை நேரில் பார்க்க வேண்டும் என்று நான் பிடிவாதமாகச் சொல்வதற்கு இதுவும் ஒரு காரணம்.

ரிப்போர்ட்ல 'மியூகாய்ட்'னு தனியா எழுதியிருக்காங்களே, அது வேற கிருமியா?

அதே கிருமிதான், கொழகொழப்பான உருவில். மியூக்ஏ என்ற புரதம் ஒரு கட்டுப்பாட்டுப் புரதத்தை இறுக்கிப் பிடித்து வைத்திருக்கும். மியூக்ஏ மரபணுவில் வரிசையாக ஐந்து 'ஜி' எழுத்துகள் வரும் இடம் ஒன்று உண்டு. அதில் ஒரு 'ஜி' விடுபட்டால் போதும், பிடி தளர்ந்து ஆல்ஜினேட் என்ற பசை அளவில்லாமல் சுரக்கும். அந்தப் பசை வெள்ளையணுக்களையும் மருந்தையும் கிட்டே நெருங்கவிடாது.

ரிப்போர்ட்டில் இந்தச் சொல் முதல்முறை வந்த தேதியைக் குறித்துவைத்து டாக்டரிடம் சொல்லுங்கள். கிருமி தங்கத் தொடங்கிவிட்டது என்பதற்கு எல்லா லேபிலும் பார்க்கக் கிடைக்கும் அறிகுறி அது.

எங்க ரிப்போர்ட்ல 'மால்டி-டாஃப்'னு போட்டிருக்கு. அது புரதம் பார்க்கிற மெஷின்தானே, அப்போ ஸ்ட்ரெயினும் தெரிஞ்சிருக்குமே?

புரதம் பார்க்கும் மெஷின் என்பது உண்மை. காலனியை ஒரு தகட்டில் தடவி, லேசர் அடித்து, பறக்கும் புரதங்களின் எடையை அளக்கிறது. ஆனால் அது அளப்பது பெரும்பாலும் 2,000 முதல் 20,000 டால்டன் (மூலக்கூறு எடையின் அலகு) வரை உள்ள சின்னப் புரதங்களை. அதிலும் முக்கியமாக, செல்லுக்குள் புரதம் தயாரிக்கும் ரைபோசோமின் புரதங்களை. அவை ஒரு இனத்துக்குள் அவ்வளவாக மாறுவதில்லை. அதனால்தான் இனத்தின் பெயரைச் சில நிமிடத்தில் நம்பகமாகச் சொல்கிறது. மேலே சொன்ன பம்ப், வாசல், நொதி எல்லாம் அதன் கணக்கில் வராது. எந்த வம்சம் என்று அறிய மரபணு வரிசையைப் படிக்க வேண்டும். ஏழு அடிப்படை மரபணுக்களை மட்டும் பார்க்கும் முறையும் உண்டு, முழுத் தொகுப்பையும் படிக்கும் முறையும் உண்டு.

(மாணவர் கேள்வி) ரெண்டு ஸ்ட்ரெயினோட புரதத்தை லேப்ல எப்படி ஒப்பிடறது? வித்தியாசம் வந்தா அது நிஜம்னு எப்படி நம்பறது?

பழைய வழி இருபரிமாண ஜெல். புரதங்களை முதலில் மின்னேற்றத்தால் ஒரு திசையிலும், பிறகு எடையால் மறு திசையிலும் பிரித்தால் நூற்றுக்கணக்கான புள்ளிகள் கிடைக்கும். எந்தப் புள்ளி தடித்தது, எது மறைந்தது என்று பார்க்கலாம். சவ்வில் புதைந்த புரதங்கள் இதில் சரியாக ஏறாது. பம்பும் வாசலும் சவ்வில்தானே இருக்கின்றன, நமக்கு வேண்டியதே கைநழுவிப் போகும். இப்போது புரதங்களை டிரிப்சின் என்ற நொதியால் துண்டாக்கி, திரவப் பிரிப்பு முடித்து, துண்டுகளின் எடையை அளக்கும் மாஸ் ஸ்பெக்ட்ரோமீட்டரில் ஏற்றுகிறார்கள். துண்டுகளில் எடை அடையாளம் ஒட்டி, பல மாதிரிகளை ஒரே ஓட்டத்தில் ஒப்பிடவும் முடியும்.

நம்பிக்கை விஷயத்துக்கு வருவோம். எந்த ஊடகத்தில் (பாக்டீரியாவை வளர்க்கும் சத்துக்கரைசலில்), எவ்வளவு நேரம் வளர்த்தோம் என்பதைப் பொறுத்துப் புரதம் மாறும். ஒரு ஸ்ட்ரெயினை வளர்ச்சி வேகத்தில் இருக்கும்போதும், மற்றதை வளர்ச்சி நின்ற பிறகும் எடுத்தால் நீங்கள் பார்ப்பது வயது வித்தியாசம். லேபில் வழக்கமாகப் பயன்படும் எல்.பி. ஊடகத்தில் கிடைத்த முடிவு சளிக்குள்ளும் அப்படியே இருக்கும் என்று சொல்ல முடியாது, அதனால் சளியின் சேர்மானத்தை ஒத்த செயற்கை ஊடகங்களை உருவாக்கியிருக்கிறார்கள். அப்புறம் தேடும் பட்டியல். மாஸ் ஸ்பெக்ட்ரோமீட்டரில் வந்த துண்டுகளைப் பி.ஏ.ஓ.1 பட்டியலோடு மட்டும் பொருத்தினால், உங்கள் ஸ்ட்ரெயினுக்கே உரிய புரதங்கள் கண்ணில் படாமல் போய்விடும். அந்த ஸ்ட்ரெயினின் மரபணுத் தொகுப்பையே முதலில் படித்துவிட்டுத் தேடுங்கள்.

ரிப்போர்ட்ல 'சென்சிட்டிவ்'னு இருந்த மருந்தைத்தான் போட்டாங்க, சரியாகலையே. லேப் தப்பா?

பெரும்பாலும் லேப் தப்பு இல்லை. தட்டில் பல காலனிகள் இருக்கும்போது ஒன்றிரண்டை எடுத்துத்தான் சோதிக்கிறார்கள். ஒரே சளியில் பல உருவங்கள் இருக்கும் என்று ஸ்ட்ரெயின் பற்றிய பதிலில் சொன்னேன். சோதித்த காலனியில் மெக்ஸ்எக்ஸ்ஒய் பம்ப் அடங்கியிருக்கும், சோதிக்காத காலனியில் பெருகியிருக்கும். தவிர, சோதனைத் தட்டில் பாக்டீரியா தனித்தனியாக வேகமாக வளர்கிறது. நுரையீரலில் பசைக்குள் கூட்டமாக, ஆக்சிஜன் குறைவாக, மெதுவாக வளர்கிறது. மெதுவாக வளரும் கிருமியின் மேல் பல மருந்துகள் சரியாக வேலை செய்யாது.

சில நோயாளிகளிடம் பிழைதிருத்தும் மரபணுவே பழுதான சூடோமோனாஸ் இருக்கும், மியூட்எஸ் என்பது அதில் முக்கியமானது. அவை சாதாரணமானவற்றைவிடப் பல மடங்கு வேகத்தில் மாறும். ஸ்பெயினில் 30 சி.எஃப். நோயாளிகளைப் பார்த்த ஆய்வு 2000இல் வந்தது, அதில் 11 பேரிடம் இப்படிப்பட்டவை இருந்தன. இவ்வளவு வேகமாக மாறும் கிருமிக்குப் பழைய ரிப்போர்ட்டை வைத்து மருந்து வாங்குவது சரிவராது. மூன்று மாதத்துக்கு ஒருமுறை சளி கொடுங்கள். துப்பத் தெரியாத சின்னப் பிள்ளைக்குத் தொண்டையில் பஞ்சுக்குச்சி வைத்து எடுப்பார்கள்.

அசித்ரோமைசின் சூடோமோனாஸைக் கொல்லாதுன்னு படிச்சேன். பின்னே ஏன் வாரம் மூணு நாள் கொடுக்கச் சொல்றாங்க?

நீங்கள் படித்தது சரி, வழக்கமான அளவில் அது கொல்லாது. இருந்தாலும் நாட்பட்ட சூடோமோனாஸ் உள்ள பலருக்கு நுரையீரல் திறன் தேறுகிறது, நோய் முற்றி ஆஸ்பத்திரியில் சேருவது குறைகிறது. பாக்டீரியாக்களின் சைகைப் பேச்சையும் அதனால் கிளம்பும் நச்சுப் புரதங்களையும் அது குறைக்கிறது, நம் உடலின் அழற்சியையும் தணிக்கிறது. ஆரம்பிக்கும் முன் காசநோயோ அதன் உறவுக் கிருமிகளோ சளியில் இல்லை என்று பார்த்துக்கொள்வார்கள். அந்த உறவுக் கிருமிகளில் சிலவற்றுக்கு இதே மருந்துதான் முதுகெலும்பு, தனியாக இதை மட்டும் கொடுத்தால் அவை எதிர்ப்புப் பெற்றுவிடும்.

கடலூர்ல இன்னொரு சி.எஃப். குடும்பம் இருக்குன்னு தெரிஞ்சுது. பசங்களை ஒண்ணா விளையாட விடலாமா? ஆறுதலா இருக்குமே.

இந்தக் கேள்விக்குப் பதில் சொல்லும்போதெல்லாம் மனசு கனக்கிறது. பெரியவர்கள் தாராளமாகச் சந்தியுங்கள், பேசுங்கள். பிள்ளைகள் ஒரே அறையில் கூடக் கூடாது. தவிர்க்க முடியாவிட்டால் மாஸ்க்கும் இரண்டு மீட்டர் இடைவெளியும் வேண்டும். பரவும் வம்சங்கள் இருக்கின்றன என்று மேலே சொன்னேன். ஏற்கெனவே சூடோமோனாஸ் உள்ள பிள்ளைக்கும் இன்னொரு வம்சம் மேலே வந்து ஏறலாம், 'ரெண்டு பேருக்கும் அதே கிருமிதானே' என்ற கணக்கு இங்கே தப்பாகிவிடும். கிளினிக்கில் காத்திருக்கும் இடத்திலும் இதே எச்சரிக்கை வேண்டும்.

பர்க்ஹோல்டெரியா என்ற பாக்டீரியாக் கூட்டம் இன்னும் ஆபத்து. வெங்காயத்தை அழுகவைக்கும் கிருமியாக 1950இல் விவரிக்கப்பட்டது செபேசியா. அந்தக் கூட்டத்தைச் சேர்ந்த செனோசெபேசியாவின் ஒரு வம்சம் கனடாவுக்கும் பிரிட்டனுக்கும் இடையே பரவிப் பல உயிர்களை எடுத்தது. கயிறுபோல் முறுக்கிய புரத இழைகளும், செல்லில் ஒட்டிக்கொள்ளும் ஒரு புரதமும் அதனிடம் உண்டு. மேல்நாடுகளில் சி.எஃப். பிள்ளைகளுக்கான கோடை முகாம்களை நிறுத்தியதற்கு இந்தக் கிருமிதான் காரணம். ஒரே வீட்டில் அண்ணன் தம்பி இருவருக்கும் நோய் என்றால் பிரித்துவைப்பது நடக்காத காரியம். நெபுலைசர், டூத் பிரஷ், தண்ணீர் பாட்டில் மட்டும் தனித்தனியாக இருக்கட்டும்.

மழைக்காலத்துல வயலுக்குப் போகாதேன்னு புள்ளைய ஏன் தடுக்கணும்? நாங்க விவசாயக் குடும்பம்.

ஐப்பசி, கார்த்திகை மழையில் நம் பக்கத்து வயல் சேற்றில் பர்க்ஹோல்டெரியா சூடோமல்லெய் இருக்க வாய்ப்புண்டு. மெலியாய்டோசிஸ் என்ற நோயைத் தருவது அதுதான். தமிழ்நாட்டிலும் புதுச்சேரியிலும் நோயாளிகளிடம் உறுதி செய்திருக்கிறார்கள். பெரியவர்களில் சர்க்கரை நோயாளிகளை அதிகம் தாக்கும். சி.எஃப். நுரையீரலில் அது நாட்பட்டுத் தங்கியதையும் வெளிநாடுகளில் பார்த்திருக்கிறார்கள். ஆகவே சேற்றில் இறங்குவதை, பம்ப்செட் நீர் முகத்தில் தெறிப்பதை மழைக்காலத்தில் தவிர்க்கச் சொல்கிறோம்.

லேப் நண்பர்களுக்கு ஒன்று. இது 'சூடோமோனாஸ் வகை' என்று தவறாகப் பெயர் பெற்றுப் போவது உண்டு. ஆக்சிடேஸ் பாசிட்டிவ், ஜென்டமைசினுக்கும் கொலிஸ்டினுக்கும் அடங்காது, ஆனால் கோ-அமாக்சிக்ளாவுக்கு அடங்கும் என்று ஒரு காலனி வந்தால் அதை அப்படியே விட்டுவிடாதீர்கள். கோரிமேட்டில் ஜிப்மர் போன்ற பெரிய ஆய்வகம் பக்கத்திலேயே இருக்கிறது, உறுதி செய்ய அனுப்பலாம்.

கிருமியோட புரதம் தெரிஞ்சா தடுப்பூசி போட்டுடலாமே, ஏன் இன்னும் வரலை?

முயன்றிருக்கிறார்கள். ஃபிளஜெல்லினை வைத்து ஐரோப்பாவில் சி.எஃப். நோயாளிகளிடமே பெரிய சோதனை நடந்தது, ஓரளவு பலனும் தெரிந்தது. வெளிச்சவ்வுப் புரதங்களான ஓப்ஆர்எஃப், ஓப்ஆர்ஐ இரண்டையும் சேர்த்துச் செய்த ஊசி, ஐ.சி.யூ. நோயாளிகளைக் காக்கவில்லை. அங்கீகாரம் பெற்ற சூடோமோனாஸ் தடுப்பூசி எதுவும் இல்லை. எந்தப் புரதத்தைக் குறிவைத்தாலும் அதைக் கைவிட்டு வாழப் பழகிய கிருமி இது. வாலையே உதறிவிடுகிறது என்று பார்த்தோமே. கைவிட முடியாத புரதத்தைத் தேடுவதற்குத்தான் பல ஸ்ட்ரெயின்களின் புரதத்தை அருகருகே வைத்துப் பார்ப்பது உதவும்.

மூணு மருந்து சேர்ந்த புது மாத்திரை வந்திருக்கே, அதைப் போட்டா கிருமியும் போயிடுமா?

எலெக்ஸாகாஃப்டர், டெசாகாஃப்டர், ஐவாகாஃப்டர் மூன்றும் சேர்ந்த மருந்துக்கு 2019இல் அமெரிக்காவில் அனுமதி கிடைத்தது. பழுதான சி.எஃப்.டி.ஆர். புரதத்தையே சரிப்படுத்தும் மருந்து. எஃப்508டெல் உள்ளவர்களுக்கு மிக நல்ல பலன், வேறு சில பிழைகளுக்கும் வேலை செய்யும். நம் பிள்ளைகளிடம் அந்தப் பிழை குறைவு என்பதால் மரபணு அறிக்கை இல்லாமல் பேச முடியாது. விலையும் பெரும் சுமை. நிறைய குடும்பங்களுக்கு அது எட்டாக்கனிதான், அது என்னைக் கோபப்படுத்துகிறது.

கிருமியைப் பொறுத்தவரை, மருந்து எடுத்தவர்களுக்குச் சளி குறைகிறது, பாக்டீரியாவின் எண்ணிக்கை குறைகிறது. நாட்பட்ட தொற்று இருந்த பலரிடம் அதே பழைய வம்சம் தொடர்ந்து இருக்கிறது. சளி வருவதே நின்றுவிட்டால் கல்ச்சருக்கு மாதிரி கிடைப்பதும் சிரமம். அப்போதும் பரிசோதனையை விட்டுவிடாதீர்கள்.

என் புள்ளையோட கிருமிக்கு இந்தப் புரத ஆய்வைச் செய்யச் சொல்லி நானே கேட்கலாமா?

வழக்கமான மருத்துவப் பரிசோதனையாக அது கிடைப்பதில்லை. ஆராய்ச்சியில்தான் செய்கிறார்கள். மருந்தைத் தேர்ந்தெடுக்க டாக்டருக்கு இன்றைக்கு வேண்டியது கல்ச்சர், மருந்து உணர்திறன், மியூகாய்ட் உண்டா இல்லையா, பிள்ளையின் எடை, ஊதும் பரிசோதனையின் எண்.

கேட்க வேண்டியது வேறொன்று இருக்கிறது. முதன்முதலில் வளர்ந்த சூடோமோனாஸைக் கிளிசராலில் போட்டு மைனஸ் 80 டிகிரியில் எடுத்துவைக்க முடியுமா என்று லேபில் கேளுங்கள். ஒரு சி.எஃப். நோயாளியின் ஆறாம் மாத வயதுக் கிருமியையும் எட்டு வயதுக் கிருமியையும் ஒப்பிட்டு 68 மரபணு மாற்றங்களைக் கண்ட ஆய்வு 2006இல் வந்தது. யாரோ முதல் கிருமியை எடுத்துவைத்திருந்ததால்தான் அது முடிந்தது. எல்லா லேபிலும் வசதி இருக்காது. இருக்கும் இடத்தில் பிள்ளையின் பெயர், தேதியோடு சின்னக் குழாய் ஒன்றுதான் தேவை. ரிப்போர்ட்டுகளை மட்டும் நீங்களே ஒரு ஃபைலில் தேதி வரிசையில் வைத்துக்கொண்டு, ஒவ்வொரு முறையும் கையோடு எடுத்துப்போங்கள்.